ஆக்ஸல் நார்ட்லியின் நானூற்று முப்பத்தொரு நாள் பயணம்

என் அண்ணன் ஆக்ஸல் இறந்த பதின்மூன்றாம் மாதத்தில், அவனை எனக்கு வழிகாட்டி ஓட்டுநராக நியமித்து நார்த்லாம்ப் காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியது. கடிதம் நல்ல தாளில் அச்சாகியிருந்தது. அவன் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா இரும்புத்தாது ஏற்றும் ஏரிக் கப்பலில் சமையல்காரர். மார்ச் கடைசியில் போனால் ஜனவரியில் வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். வீட்டிலிருந்து ஊர் பத்தொன்பது மைல். ஊரில் உள்ள முதியோர் இல்லச் சமையலறையில் அம்மாவுக்கு வேலை. ஆக்ஸல் போன நாளிலிருந்து அவள் வண்டியின் சாவியைத் தொடவில்லை. பக்கத்துப் பண்ணை லொரெய்ன் அவளைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனாள். லொரெய்ன் நிலத்தை விற்றுவிட்டு ஜூன் மாதம் அரிசோனா போகிறாள். அதனால் நான் ஓட்டியாக வேண்டும்.

பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தள்ளுபடி இல்லாமல் காப்பீடு எடுத்தால், கட்டும் தொகை எங்கள் காரின் விலையைத் தாண்டும். ‘பத்திரமாக வீடு திரும்புவோம்’ பயிற்சியை முடித்தால் தள்ளுபடி உண்டு. பயிற்சியை முடிக்க வழிகாட்டி ஓட்டுநரின் கையெழுத்து வேண்டும். வழிகாட்டி என்பவர் அதே வீட்டில், நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் அதிக மதிப்பெண் எடுத்த ஓட்டுநர்.

ஏரிப் பனிமேல் நிற்கும் மீன்பிடிக் குடில்களைக் கரைக்கு இழுத்துவிட எங்கள் பக்கத்தில் மார்ச் நடுவில் ஒரு கெடு நாள் உண்டு. எல்லாரும் அந்த நாளில்தான் இழுப்பார்கள். ஒரு வாரம் முன்னால் இழுப்பவனைக் கடையில் பார்த்தால், உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. “இன்னைக்கே போய் இழுத்துட்டு வந்துடு, நாளைக்கு அபராதம் போட்டுடுவாங்க,” என்று அம்மா சொன்னாள். ஆக்ஸல் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பனி உடைந்தது. மறுநாள் அவனை எடுத்தார்கள். அடுத்த வாரம் வண்டியை எடுத்தார்கள். அவன் கைப்பேசி கிடைக்கவில்லை.

நானும் அம்மாவும் கடிதத்தை எடுத்துக்கொண்டு டுவேன் ஹாக்ஸ்டாடிடம் போனோம். அவர்தான் ஊரில் நார்த்லாம்ப் முகவர். இருபது வருடமாகப் பள்ளிக்கூட ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுப்பதால் ஊரே அவரைக் கோச் என்றுதான் கூப்பிடும். ஆக்ஸலின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர்.

“கோச், அவன் இறந்துட்டான்ல? பெட்டியை நீங்கதானே தூக்குனீங்க?” என்றேன்.

“தூக்குனேன் கண்ணு. இடது பக்கம், நடுவுல. எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியணுமே.”

“நீங்க சொல்லலாமே.”

“சொல்லாம இருப்பேனா? இறப்புன்னு போட்டா விபத்து எண் கேக்குது. நடந்தது ஏரியில. ஏரி ரோடு இல்ல. ரோடு இல்லாத இடத்துல வாகன விபத்து நடக்க வழியில்ல. வழியில்லாத ஒண்ணுக்கு நான் எண் எங்க போய் வாங்க?”

“வேற காரணம்னு போடுங்க.”

“போட்டேன். இதைச் சொல்லுது.” அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ‘இந்த ஓட்டுநர் தற்போது பயணத்தில் இருக்கிறார். பயணம் முடிந்தபின் முயலவும்’ என்று இருந்தது.

அதன் கீழே வரைபடம். ஏரி வெளிர் நீலம். நடுவில் அடர்நீலத்தில் ஒரு புள்ளி.

வண்டி கிளம்பினால் கைப்பேசியிலுள்ள செயலி தானாகப் பயணத்தைத் தொடங்கும். வண்டி நின்றுவிட்டது என்று கைப்பேசி சொன்னால் பயணத்தை முடிக்கும். ஆக்ஸலின் கைப்பேசி அப்படி எதுவும் சொல்லவில்லை.

“முந்நூத்தி எண்பத்தெட்டு நாள்,” என்றார் கோச். அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு தடவைகூட சட்டுனு பிரேக் போடல. வேகம் தாண்டல. ஃபோனைத் தொடல. மார்லிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் முறையில சொல்றேன். இந்த மாவட்டத்துல இப்படி ஒரு ஓட்டுநர் என் கைக்கு வந்ததே இல்ல.”

அம்மா புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போன மாசம் இதைவிட மேற்கால இருந்தான்,” என்றாள்.

“வரைபடத்தை அப்பப்ப திருத்துவாங்க. அதுல ரெண்டடி அப்படி இப்படிப் போகும்.”

“கிழக்காலதானே நம்ம வீடு.”

கோச் எலுமிச்சைக் கேக் துண்டுகள் இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். யாரும் எடுக்கவில்லை.

பயிற்சி வகுப்பு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் நடந்தது. பயிற்றுநர் ரோண்டா ப்ளூம்க்விஸ்ட் ஒரு ஸ்டீயரிங்கை வெல்வெட் பையிலிருந்து எடுத்து ஒரு தாங்கியில் மாட்டுவார். அதன் பின்னால் வண்டி கிடையாது. ஒவ்வொருவராக அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, ‘நான் வீடு திரும்புவேன்’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரித்தால் முதலிலிருந்து. ஒரு பெண் ஐந்து முறை முதலிலிருந்து சொன்னாள். ஆறாவது முறை அழுதாள். ரோண்டா அவளை அணைத்துக்கொண்டு, “இப்பத்தான் உனக்குப் புரிஞ்சிருக்கு,” என்றார்.

உறுதிமொழிக்குப் பிறகு சுவரில் மதிப்பெண் பட்டியல் ஒளிரும். வழிகாட்டிகளில் ஆக்ஸல் முதலிடம். நூற்றுக்கு நூறு. இரண்டாம் இடத்தில் இருந்த பாதிரியாருக்குத் தொண்ணூற்று மூன்று.

“கை தட்டுங்க, பிள்ளைங்களா,” என்றார் ரோண்டா. தட்டினார்கள். மெதுவாகத் தட்டினார்கள். பாதிப் பேர் அவனோடு படித்தவர்கள்.

ரோண்டா பக்கத்து மாவட்டத்துக்காரர். அவருக்கு ஆக்ஸல் என்பது ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான். முதல் வகுப்புக்கு முன்னால் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கண் கலங்கினார். பிறகு, “ஆனா மதிப்பெண் மதிப்பெண்தானே, கண்ணு,” என்றார்.

“முந்நூத்தித் தொண்ணூத்தாறு நாள் ஒரு தப்புகூட இல்லாம. ஆக்ஸல்கிட்ட இருந்து நாம என்ன கத்துக்கலாம்?” என்று இப்போது வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“அவசரப்படக் கூடாது,” என்றது ஒரு குரல்.

“அருமை.” பலகையில் எழுதினார்.

“ஃபோனைத் தொடக் கூடாது.”

“பாட்டு போடக் கூடாது.”

“கூட்டாளிங்களை ஏத்தக் கூடாது.”

“மூச்சு விடக் கூடாது,” என்றான் ஹட்சன் முங்கர்.

ரோண்டாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு, ‘மூச்சு: நிதானமாக’ என்று எழுதினார்.

இடைவேளையில் ஹட்சன் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காது சிவந்திருந்தது.

“சிக்னி, மன்னிச்சிரு. வாய்ல வந்துடுச்சு.”

“பரவால்ல.”

“உங்கண்ணன் நிஜத்துல எப்படி ஓட்டுவான்னு தெரியும்ல? கையில பர்கர். ஸ்டீயரிங் முழங்கால்ல. ஒரு தடவை அவன்கூடப் போனப்ப எங்கம்மாவுக்கு ஃபோன் போட்டு, ‘ஐ லவ் யூ’ன்னு சொன்னேன். அது பயந்துபோய் ‘என்னடா ஆச்சு’ன்னுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஆக்ஸலைப் பற்றி யாராவது பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதல் செய்தி அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தைய மாலை நான் ஓட்டிப் பழகியபோது ஒரு மான் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். மான் போய்விட்டது.

‘வணக்கம் சிக்னி! நான் ஆக்ஸல். நேற்று மாலை 4.12க்கு மில் சாலையில் திடீரென பிரேக் போட்டாய். அதே நேரத்தில் நானும் வண்டியில்தான் இருந்தேன். நான் போடவில்லை. நாளை இன்னும் நன்றாகச் செய்வோம்!’

அம்மா அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி படித்தாள். கையிலிருந்த தட்டிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

“இதை எனக்கும் அனுப்பு,” என்றாள்.

“அவன் இல்லம்மா. கம்ப்யூட்டர் எழுதறது.”

“தெரியும்டி. எனக்கென்ன பைத்தியமா?”

அனுப்பினேன்.

செய்திகள் நான் தவறு செய்தால் மட்டும்தான் வரும். நன்றாக ஓட்டினால் ஒன்றும் வராது. இந்த விதியை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அம்மா நான்கே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

பயிற்சி உரிமம் என்பதால் நான் ஓட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்து இருக்கைப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

“அந்தத் தபால்பெட்டிகிட்ட கொஞ்சம் சட்டுனு பிடியேன்.”

“எதுக்கு?”

“பிரேக் பிடிக்குதான்னு பார்ப்போம்.”

பிடித்தேன். அவள் உடம்பு முன்னால் போய் வந்தது.

“பிடிக்குது,” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “பால் பண்ணைத் திருப்பத்துல வேகமா திரும்பினா அது தப்பா கணக்காகுமா?”

“ஆகும்.”

“ஓ,” என்றாள். திருப்பம் வரும்வரை சாலையையே பார்த்தாள்.

அந்த வாரம் நான் பதினேழு தவறுகள் செய்தேன். எல்லாம் கவனமாகச் செய்தவை. முன்னும் பின்னும் வண்டி வராத இடமாகப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, வேகத்தைச் சரிபார்த்து, தவறு செய்தேன். என் மதிப்பெண் தொண்ணூற்றொன்றிலிருந்து அறுபத்துநான்குக்கு இறங்கியது. எழுபதுக்குக் கீழே இருந்தால் பயிற்சியில் தேர்ச்சி இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும்.

செய்திகளின் குரல் மாறிக்கொண்டே வந்தது. ‘சிக்னி, உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.’ ‘சிக்னி, நான் உனக்காகத்தான் இங்கே இருக்கிறேன்.’ ஒருமுறை, ‘சிக்னி, நீ என்னைப் போல ஆக வேண்டும் என்று விரும்புகிறேன்.’ அம்மா அதைப் படித்துக் காட்டியதும் காரை ஓரமாக நிறுத்தினேன். ஓரமாக நிறுத்தியதும் ஒரு தவறாகப் பதிவானது.

“கவலையா இருக்குன்னு சொன்னானே, அதை அவன் ஒருநாளும் சொல்ல மாட்டான்,” என்றாள் அம்மா.

“அதான் நானும் சொல்றேன். அவன் இல்ல.”

“சின்ன வயசுல உன்னை ஏரியில தள்ளிவிட்டுட்டுச் சிரிப்பான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “அந்த மேட்டுல ஒரே ஒரு தடவை,” என்றாள்.

மே மாத நடுவில் டலூத் நகரத்தில் ஒரு ஹோட்டலில் நார்த்லாம்ப் விருது விழா. ‘நெடிய பாதுகாப்பான பயணம்’ என்ற விருது ஆக்ஸலுக்கு. அம்மா தேவாலயத்துக்குப் போடும் நீல உடையைப் போட்டுக்கொண்டாள். எங்கள் மேசையில் மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் அவன் பெயர் எழுதிய அட்டை. அதன் கீழே சிறிய எழுத்தில், ‘பயணத்தில் இருப்பதால் வர இயலவில்லை.’ பரிமாறியவர் அவன் இடத்திலும் ஒரு கோழித்துண்டு வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது.

துணைத் தலைவர் பிரெஸ்டன் அக்டர்பர்க் பேச எழுந்தார். உயரமானவர். மென்மையான குரல்.

“நண்பர்களே, இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல நான் ஒரே ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். அவருக்கு வண்டி இருக்கும், ஆனா எதுலயும் மோதாது. மாசாமாசம் பணம் கட்டுவாரு, ஒருநாளும் நஷ்டஈடு கேக்க மாட்டாரு. ராத்திரி ஃபோன் போட்டு நம்மைத் திட்ட மாட்டாரு. அப்படி ஒரு ஆள் கிடையாது பிரெஸ்டன், அதுவும் பதினெட்டு வயசுல கிடையவே கிடையாதுன்னு என் கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க. எனக்கு இள வயசுக்காரங்க மேல நம்பிக்கை இருந்துச்சு. இன்னைக்கு அந்த நம்பிக்கை நிறைவேறியிருக்கு. இந்த மாநிலத்துல ஓட்டற ஒவ்வொரு பிள்ளையும் ஆக்ஸல் நார்ட்லி மாதிரி ஆகணும். அதுக்குத்தான் இந்தப் பயிற்சியை நடத்தறோம். அதுவரைக்கும் ஓய மாட்டோம்.”

கைதட்டல். என் பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் ஒரு விஷயம். தினமும் சாயந்திரம் நம்ம செயலி பெற்றோர்கிட்ட ஒரு கேள்வி கேக்குது. ‘உங்கள் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டாரா?’ பெரும்பாலான பெற்றோர் அதைத் திறந்துகூடப் பாக்கறதில்ல. மார்லிஸ் நார்ட்லி நானூத்தி இருபத்தி ஆறு நாள்ல ஒருநாள்கூட விடல. சராசரியா ஒன்பது வினாடிக்குள்ள பதில் வந்துடுது. பதில், ‘இல்லை’. இப்படி அக்கறையான ஒரு தாயை நான் பார்த்ததில்ல.”

அம்மா எழுந்து போய், விருதாகக் கொடுத்த கண்ணாடிப் பலகையை வாங்கிக்கொண்டாள். அவளிடம் அப்படி ஒரு கேள்வி வருவதே எனக்கு அதுவரை தெரியாது.

விழா முடிந்ததும் நான் அவரிடம் போனேன். எனக்குப் பெரியவர்களிடம் பேச வராது. கையில் படிவத்தை வைத்துக்கொண்டு அவர் கவனிக்கும்வரை நின்றேன்.

“எனக்கு வழிகாட்டியோட கையெழுத்து வேணும் சார். அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.”

“ஓட்டும்போது கையெழுத்தா?” அவர் முகம் நிஜமாகவே வருந்தியது. “அது விதிமீறல்மா. நீ வகுப்புல என்ன படிச்ச? பயணம் முடியட்டும். அதுக்கப்புறம் தாராளமா போடட்டும்.”

அம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். “அவன் எப்ப வருவான்?” என்றாள்.

அவர் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். “அது முழுக்க ஓட்டுநரோட உரிமை. நாங்க யாரையும் அவசரப்படுத்தறதில்ல.”

திரும்பும்போது நெடுஞ்சாலையில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணாடிப் பலகை அவள் மடியில் இருந்தது.

“ஒரு தடவை ‘ஆம்’னு அடிச்சிருந்தா எல்லாம் என்னைக்கோ முடிஞ்சிருக்கும்,” என்றேன்.

“வந்தானா?”

“இல்ல.”

“பின்ன?”

ஒரு மரலாரி எங்களைக் கடந்து போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

“கேக்கறாங்க, பதில் சொல்றேன். வேற யாரு கேக்கறாங்க? கடைக்குப் போனா மழை வருமாங்கறாங்க. தேவாலயத்துல தக்காளி நட்டாச்சாங்கறாங்க. ஆக்ஸல் வந்துட்டானான்னு என்கிட்ட ஒரு நாளைக்கு ஒரு தடவை கேக்கறது அந்த ஃபோன் மட்டும்தான்.”

அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காக ஓட்டினேன். மதிப்பெண் எழுபத்தெட்டுக்கு ஏறியது. செய்தி ஒன்றும் வரவில்லை. அம்மா சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நிமிர்த்தி வைப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடி நிமிர்த்துவாள். செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் தேர்வில் தேறி உரிமம் வாங்கினேன். தனியாக ஓட்டக் காப்பீடு இல்லாததால் அது சமையலறை மேசை இழுப்பறையில் கிடந்தது. லொரெய்ன் வீட்டு வாசலில் சாமான் ஏற்றும் வண்டி வந்து நின்றது.

வியாழக்கிழமை நானூற்று முப்பத்தோராவது நாள். வகுப்பிலிருந்து திரும்பி வந்திருந்தோம். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குத்தானே கடைசி நாள்?”

“ஆமா.”

“அடுத்து எப்ப?”

“அடுத்த வருஷம்.”

ஒன்பது வினாடிகள் கடந்துபோயின. ஒரு நிமிடமும் போனது. அவள் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. அதன் பிறகு கேள்விகள் வந்தன. பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? அவள் யோசித்து மூன்று கொடுத்தாள். சாலை எப்படி இருந்தது: நன்று, ஈரம், பனி? பனி. வண்டியில் வேறு யாராவது இருந்தார்களா? இல்லை. வந்து சேர்ந்ததும் உங்கள் பிள்ளையைப் பாராட்டினீர்களா?

அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். “இதுக்கு என்னடி போடறது?”

நான் எடுத்து ‘ஆம்’ போட்டேன். நீலப் புள்ளி மறைந்தது. வரைபடத்தில் ஏரி மட்டும் இருந்தது.

மறுநாள் காலை கோச்சே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வாசல் மிதியடியிலேயே நின்றார்.

“நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா பயணம் முடிஞ்சா அது சராசரி வேகம் கணக்குப் பண்ணும்.” தாளைப் பார்த்துப் படித்தார். “ஏரியிலிருந்து உங்க வீடு ஒன்பது மைல். எடுத்துக்கிட்டது நானூத்தி முப்பத்தொரு நாள். மணிக்கு ஒரு மைல்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. இவ்ளோ மெதுவா போறது பின்னால வர்றவங்களுக்கு ஆபத்தாம். நூறா இருந்த மதிப்பெண்ணை நாலாக்கிட்டாங்க. வழிகாட்டிப் பொறுப்பையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. மறுபயிற்சிக்கு வரணுமாம். மூணு வியாழக்கிழமை. அதுவரைக்கும் சிக்னிக்குக் கெடுவைத் தள்ளி வெச்சிருக்காங்க.”

“யாரு வரணும்?” என்றேன்.

“ஆக்ஸல்.”

கோச் தாளை மடித்தார், பிரித்தார். தனக்குத்தானே மறுபடி படித்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

“மூணு வகுப்புக்கு வரலன்னா பேரை எடுத்துடுவாங்க,” என்றார். “மார்லிஸ், விதி அப்படித்தான் இருக்கு. விபத்து எண் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். வராம இருந்தாப் போதும். பேர் கூப்பிடறப்ப வீட்டு ஆள் ஒருத்தர் வகுப்புல இருந்து ‘வரல’ன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

“நான் சொல்றேன்,” என்றேன்.

“பதினெட்டு வயசு ஆகியிருக்கணும் கண்ணு.”

அடுத்த வியாழக்கிழமை அம்மா என்னோடு நிலவறைக்கு வந்தாள். ஞாயிறுப் பள்ளிக் குழந்தைகளின் சிறிய நாற்காலிதான் மிச்சம் இருந்தது. அதில் முழங்கால்கள் மேலே தெரிய உட்கார்ந்தாள். வழியெல்லாம் காரில், ‘வரல, வரல’ என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுபயிற்சிக்காரர் ஒருவர் இருந்தால் வருகைப் பெயர்களைச் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். ரோண்டா கைக்கணினித் திரையைப் பார்த்து வாசித்தார். முங்கர், ஹட்சன். இருக்கேன். அடுத்த பெயருக்கு முன் அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நார்ட்லி, ஆக்ஸல்.”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா எழுந்தாள்.

“இறந்துட்டான்,” என்றாள்.

பதினான்கு மாதத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவளே அதைக் கேட்டு ஆடிப்போனதுபோல நின்றாள்.

ரோண்டா திரையில் விரலை வைத்தார், எடுத்தார். “மார்லிஸ், இதுல ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு. ‘இருக்கிறார்’. ‘வரவில்லை’.”

“வரலன்னு போடுங்க. ஆனா அவன் இறந்துட்டான்.”

“காரணம் கேக்குது. மருத்துவம், பள்ளி வேலை, வண்டி கிடைக்கல.”

“ஏரிக்கு நான்தான் போகச் சொன்னேன். அதை எழுதுங்க.”

“அதுக்குக் கட்டம் இல்லங்க,” என்றார் ரோண்டா. அதுவரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு குரல்தான் இருந்தது. இதை அந்தக் குரலில் சொல்லவில்லை. திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ஸ்டீயரிங் பையைவிட்டு வெளியே வரவில்லை.

இரண்டாவது வியாழக்கிழமை பெயரை மெதுவாக வாசித்தார். அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஏரி இருபத்திரண்டு அடி ஆழம் என்றும், அவன் குடிலில் ரேடியோ கேட்டுக்கொண்டு மீனே பிடிக்காமல் உட்கார்ந்திருப்பான் என்றும் யாரும் கேட்காமலே சொன்னாள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வியாழக்கிழமை அவள் சொன்னது, மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல இருந்தது. வெளியே வாகன நிறுத்தத்துக்கு வருவதற்குள் கைப்பேசி ஒலித்தது. ‘ஆக்ஸல் நார்ட்லி உங்கள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.’ அவனோடு எங்கள் தள்ளுபடியில் பாதியும் போனது. அப்பா கப்பலில் இருக்க, வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஓட்டுநர் என்பதால் அம்மா என் வழிகாட்டியானாள். காரின் முன்மூடியில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் எழுதவில்லை. மேலே மறுபடி எழுதினாள்.

நான்காவது வியாழக்கிழமை சான்றிதழ் கொடுக்கும் நாள். அம்மா வர வேண்டிய அவசியமில்லை. வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முங்கர், ஹட்சன்.”

“இருக்கேன்.”

“நார்ட்லி,” என்றார் ரோண்டா. பழக்கத்தில் நிறுத்தினார். அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ரோண்டா அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“சிக்னி.”

“இருக்கேன்,” என்றேன்.

அம்மா எழுந்த நிலையிலேயே என் பக்கம் திரும்பினாள்.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றாள்.